கல்லைத் தொடாத நிழல்

எனக்குக் கோவம் வந்தா முன்னால நிக்கிறது சாமியா ஆளான்னு பார்க்க மாட்டேன். இது ஊருக்கே தெரியும். எங்க அண்ணன் மொக்கையனுக்கு ஊரைவிட நல்லாத் தெரியும். ஆனா அந்தத் தை மாசம் நான் பேசுன பேச்சு, அஞ்சு மாசம் கழிச்சு என் மிளகாத் தோட்டத்துலயே வந்து விழும்னு எனக்கே தெரியாமப் போச்சு.

எழுமலைக்குத் தெக்க, பேரையூரு போற பாதையில எங்க ஊரு. ரெண்டாவது செர்மன் சண்டை வாரதுக்கு ரெண்டு மூணு வருசத்துக்கு முந்தி, ஒரு மார்கழியில எங்க அய்யா போய்ச் சேந்தாரு. போறதுக்கு முன்னாலயே பெரிய மனுசங்களைக் கூப்பிட்டு வச்சு, தோட்டத்துல மேலப்பாதி மகனுக்கு, கீழப்பாதி மக செல்லத்தாயிக்கு, எல்லாம் சரிபாதின்னு சொல்லிட்டாரு. பொம்பளப்பிள்ளைக்கு எதுக்குத் தோட்டம்னு கேட்ட வாய்க்கெல்லாம் அவரே பதிலும் சொல்லிட்டுத்தான் போனாரு. நிலத்துக்கு வரப்பு போட்டாச்சு. கிணத்துக்கு எங்க போடுறது? ஒரே கிணறு, ஒரே கமலை. அதனால விடிஞ்சதுல இருந்து உச்சி வரைக்கும் அண்ணன் மாடு பூட்டி இறைக்கிறது, உச்சியில இருந்து பொழுது அடையிற வரைக்கும் நான் இறைக்கிறதுன்னு பேச்சாச்சு.

அண்ணன் அதோட விட்டிருப்பான். நான் விடல.

"உச்சின்னா எது உச்சி? உனக்கு ஒரு உச்சி, எனக்கு ஒரு உச்சின்னு நாளைக்குச் சண்டை வரும். அடையாளம் வச்சுச் சத்தியம் பண்ணுண்ணே" அப்படின்னேன்.

"கூடப் பொறந்தவனை நம்பாம யாரைத்தான் நம்பப் போற நீ" அப்படின்னான். கோவமெல்லாம் படல. அவனுக்குக் கோவம் வந்து நான் பார்த்ததே இல்ல. அதுவே எனக்குப் பாதிக் கோவம்.

கிணத்து மேட்டுல ஆறு முழ ஒசரத்துல ஒத்தைக் கல்தூணு ஒண்ணு நிக்கும். அண்ணன் ஒரு நாள் உச்சிக்கு அந்தத் தூணு நிழல் நுனி எங்க விழுதுன்னு பார்த்து, வடக்க அந்த இடத்துல ஒரு கருங்கல்லைப் பதிச்சான். நான் அப்ப வீட்டுல சோறாக்கிக்கிட்டு இருந்தேன். மறுநாள் தோட்டத்து வரப்போரத்துல இருக்குற கருப்பன் கோயில்ல, பூசாரி நல்லகாமன் முன்னால, ரெண்டு பேரும் எரியிற சூடத்தைக் கையால அணைச்சுச் சத்தியம் பண்ணுனோம். சத்திய வாக்கை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தூணு நிழல் நுனி கல்லைத் தொடுற வரைக்கும் மொக்கையன் முறை, தொட்ட பொறவு செல்லத்தாயி முறை. இதோட நிறுத்தியிருக்கலாம். "கல்லைத் தொடாம முறை மாத்துனா ரெண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆகாது"ன்னு ஒரு வாலையும் நானே சேத்து வச்சேன். பூசாரி கூட என்னை ஒரு மாதிரியாத்தான் பார்த்தாரு.

தை முடியிற வரைக்கும் ஒரு வில்லங்கமும் இல்ல. நிழல் மேக்க இருந்து மெல்ல நகந்து வரும், கல்லைத் தொடும், அண்ணன் மாட்டை அவுப்பான், நான் பூட்டுவேன். எங்க வீட்டுக்காரரு கருத்தக்கண்ணன் மதுரையில மில்லுல வேலை பார்த்தாரு, ஞாயித்துக்கிழமைதான் வருவாரு. அதனால கமலை ஓட்டுறது நான்தான்.

மாசியில நிழல் குட்டையாயிருச்சு. நுனி கல்லுக்கு வராம ஒரு முழம் முன்னாலயே நின்னுச்சு. கல்லுப் பக்கம் நேராக் காட்டுச்சுன்னா போதும்னு ரெண்டு பேரும் முறை மாத்திக்கிட்டோம். பங்குனியில இன்னும் குட்டை. தை பொறந்தா பொழுது வடக்க நகந்து வரும்னு பிள்ளைக்குக் கூடத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய. தையில கல்லு வைக்கையில ஆனியை யாரு நெனச்சா?

சித்திரை ரெண்டாந்தேதியோ மூணாந்தேதியோ, உச்சிக்குத் தூணுக்கு நிழலே இல்ல. தலைக்கு நேரா பொழுது நிக்குது, தூணு தன் நிழலைத் தானே மிதிச்சுக்கிட்டு நிக்குது. அதே வாரத்துல அண்ணனோட வலத்த மாடு தீனி எடுக்காமப் படுத்துருச்சு. அண்ணன் போயி நல்லகாமன்கிட்டக் குறி கேட்டான். அந்த மனுசன் விபூதியை அள்ளிப் போட்டுட்டு, "சத்தியத்துல எங்கயோ இடிக்குது மொக்கையா"ன்னுட்டாரு.

அம்புட்டுதான். மறுநாள் உச்சிக்கு நான் மாட்டைப் பத்திக்கிட்டுப் போறேன், அண்ணன் கமலைக்குக் குறுக்க நிக்கிறான்.

"நிழல் கல்லைத் தொடல தாயி. நீ பூட்டக்கூடாது."

"அப்ப நீ பூட்டி இறைக்கப் போறியா?"

"நானும் பூட்டல. உச்சி ஆயிருச்சு, என் பாதி முடிஞ்சு போச்சு."

இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்ல. கிணத்துல தண்ணி கெடக்கு. உச்சியில இருந்து பொழுது அடையிற வரைக்கும் அவனும் இறைக்கல, என்னையும் இறைக்க விடல. ரெண்டு பேரும் கிணத்து மேட்டுல ஆளுக்கொரு பக்கமா உக்காந்து தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். மறுநாளும் அதே கதை. வைகாசியில நிழல் தூணைத் தாண்டித் தெக்கப் பக்கம் விழ ஆரம்பிச்சிருச்சு. கல்லு வடக்க கெடக்கு, நிழல் தெக்க கெடக்கு. இனி ஆவணியில பொழுது தெக்க திரும்பிப் போயி, நிழல் நீண்டு, அது கல்லைத் தொட கார்த்திகை ஆயிரும். அதுவரைக்கும் மிளகாச் செடி காத்துக்கிட்டு இருக்குமா?

மாசியில நட்ட மிளகா. பூவும் பிஞ்சுமா நிக்கிற நேரம். குடத்துல சுமந்து சுமந்து ஊத்துனேன். இடுப்பு கழண்டதுதான் மிச்சம், பாதிப் பூ கொட்டிப் போச்சு. மேலப்பாதியில அண்ணன் தோட்டம் பச்சைப் பசேல்னு நிக்குது. நிக்காம என்ன செய்யும், நான் இறைக்காத தண்ணியும் சேந்து ஊறி, காலையில அவனுக்குத்தானே போகுது. சாமிக்குப் பயந்தவன் மாதிரி நடிச்சு என் வயித்துல அடிக்கிறான்னு நெனச்சேன். நெனச்சதோட நிக்கல, அவன் வீட்டு வாசல்ல போய்ச் சொல்லிட்டும் வந்தேன். மதினி சோலையம்மாள் மொகத்தைத் திருப்பிக்கிட்டா. அண்ணன் மட்டும், "உன் பிள்ளைகளுக்கும் சேத்துத்தான் பயப்படுறேன்"னு மெதுவாச் சொன்னான். பசப்புறான்னு நெனச்சேன்.

ஆனி பொறந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரரு மில்லு மேஸ்திரிகிட்ட இரவல் வாங்குன கைக்கடிகாரத்தோட வந்தாரு. அதைக் கையில கட்டிக்கிட்டுக் கிணத்து மேட்டுல பெரிய அதிகாரி கணக்கா நின்னாரு.

"மச்சான், பன்னெண்டு ஆயிருச்சு. உச்சின்னா பன்னெண்டுதான. சர்க்காரே ஒத்துக்கிட்ட நேரம் இது" அப்படின்னாரு.

அண்ணன் தூணைப் பார்த்தான். நிழல் இன்னும் மேக்கதான் சாஞ்சு கெடந்துச்சு. "மாப்ள, உன் கடிகாரத்துல உச்சி ஆயிருச்சு, பொழுதுக்கு இன்னும் ஆகல பாரு"ன்னான். நானும் பார்த்தேன். வாஸ்தவந்தான். கடிகாரத்துல பன்னெண்டு தாண்டிக் கால் மணிக்கு மேல ஆன பொறவுதான் நிழல் தெக்க நேராத் திரும்புன மாதிரி இருந்துச்சு. ரெயிலுக்கும் மில்லுக்கும் எங்கயோ பொதுவா வச்ச நேரம் அதுன்னு இவரே பொறவு சொன்னாரு. அப்புறம் எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு வந்தீகன்னு கேட்டேன். அவரு கடிகாரத்தைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

அன்னைக்கு வீட்டுல உக்காந்து யோசிச்சேன். கல்லை நகட்டக் கூடாது, சத்தியம். ஆனா கல்லை நீட்டக் கூடாதுன்னு நான் சொல்லலையே. அந்தக் கல்லுல இருந்து தூணு வரைக்கும், தூணுக்கு அங்குட்டு தெக்கயும் சுண்ணாம்புக் காரையில ஒரு வரி ஒட்டாப் போட்டுட்டா? எந்த மாசம் நிழல் எங்குட்டு விழுந்தாலும் உச்சிக்கு அந்த வரி மேல வந்துதான ஆகணும். விடிஞ்சதும் நல்லகாமன்கிட்ட ஓடுனேன். அவரு மூணு நாள் யோசிச்சாரு. சாமிகிட்டக் கேட்டாரா வீட்டம்மாகிட்டக் கேட்டாரான்னு தெரியாது. "கல்லோட ஒட்டுனது கல்லுதான். செய்யி"ன்னாரு.

அண்ணனுக்கு அதைக் கேட்டதும் மொகத்துல அம்புட்டு நிம்மதி. "இது தெரியாம ரெண்டு மாசம் பாழாப் போச்சே"ன்னு அவனே கயிறு எடுத்துட்டு வந்தான்.

கல்லுல ஒரு மொனை, தூணடியில ஒட்டி, நேரா தெக்க இழுத்துக் கட்டுனோம். உச்சிக்கு நிழல் கயித்து மேல வருதான்னு பார்த்துக்கிட்டு நின்னோம். பக்கத்துல கருப்பன் கோயிலு, கிழக்குப் பார்த்த கோயிலு. உச்சி திரும்புன நொடி அதோட கிழக்குச் சுவரோரம் நிழல் தட்டும். அன்னைக்கு அந்தச் சுவரோரம் அரைச்சாண் நிழல் விழுந்த பொறவும் தூணு நிழல் கயித்துக்கு வரல. மெதுவா, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஆடி அசஞ்சு வந்து சேந்துச்சு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "அப்ப கல்லையே கோணலா வச்சிருக்க. என் நேரத்தைத் திருடத்தான் நான் சோறாக்கப் போன நேரமாப் பார்த்து வச்சியா?"

அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "கோயில் சுவரு கோணலா இருக்கும் தாயி. விட்டுரு, இந்தக் கயித்துப்படியே போட்டுக்குவோம். கொஞ்சம் குறைஞ்சா என்ன"ன்னான். திருடுனவன் வேற எப்படிப் பேசுவான்.

விடுவேனா. மழை பொய்ச்ச ஒரு வருசம், கல்யாணத்துக்கு முந்தி, பசுமலையில ஒரு கட்டடத்துக்குச் சித்தாளாச் சுண்ணாம்பு சுமந்திருக்கேன். அங்க கொத்தனாரு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுறதுக்கு முன்னால திசை பிடிக்கிறதை ரெண்டு மூணு தடவை பார்த்து வச்சிருந்தேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பூசாரி, மதினி, எங்க வீட்டுக்காரரு எல்லாரையும் கிணத்து மேட்டுக்கு வரச் சொன்னேன். சாட்சி வேணும்ல, நாலு பேரு முன்னால அவன் மானத்தை வாங்கணும்ல.

தூணைச் சுத்தி மண்ணைக் கொத்தி, தட்டி, சாணி போட்டு மெழுகினேன். தண்ணியை ஊத்திப் பார்த்தேன், எந்தப் பக்கமும் ஓடல. தூணுல இருந்து கல்லு வரைக்கும் கயித்தை அளந்து, அதே அளவுக்குத் தூணைச் சுத்தி ஒரு வட்டம் கீறுனேன். கல்லு அந்த வட்டத்து மேலயே உக்காந்திருக்கு. காலையில நிழல் மேக்க நீளமாக் கெடந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கிக்கிட்டே வந்துச்சு. நுனி வட்டத்தைத் தொட்ட இடத்துல ஒரு குச்சியை அடிச்சேன்.

"இப்ப என்ன?"ன்னாரு பூசாரி.

"இனி நிழல் வட்டத்துக்குள்ள போயி, உச்சிக்கு ரொம்பக் குட்டையாகி, அங்குட்டுக் கிழக்க நீண்டு வெளிய வரும். வெளிய வாரப்ப இன்னொரு குச்சி. காலையில பொழுது எம்புட்டு ஒசரத்துல இருந்துச்சோ, சாயங்காலப் பக்கமும் அதே ஒசரத்துக்கு எறங்குறப்பதான் அதே நீள நிழல் விழும். ரெண்டுக்கும் நட்ட நடுவுதான் உச்சி. இதுல எவனும் கோணல் பண்ண முடியாது" அப்படின்னேன், அண்ணனைப் பார்த்துக்கிட்டே.

எல்லாரும் புளியமரத்தடியில உக்காந்து கம்மங்கஞ்சி குடிச்சுட்டுக் காத்துக்கிட்டு இருந்தோம். நல்லகாமன் குறட்டையே விட்டுட்டாரு. அண்ணன் மட்டும் உக்காரல. காலைமுறையை அவசரமா முடிச்சுட்டு வந்து, வட்டத்தைச் சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டு இருந்தான். பொழுது மேக்க எறங்கி, நிழல் கிழக்க வட்டத்தைத் தொட்டதும் ரெண்டாவது குச்சியை அடிச்சேன். ரெண்டு குச்சிக்கும் நடுவுல கயித்தைப் பிடிச்சு, அதை ரெண்டா மடிச்சு, நடு எதுன்னு மூணாவது குச்சியை அடிச்சேன். அதுல இருந்து தூணடி வழியா வடக்க கயித்தை இழுக்கணும். எங்க வீட்டுக்காரரு ஒரு மொனையைப் பிடிச்சாரு, நான் இழுத்துக்கிட்டுப் போனேன்.

கயிறு கல்லுக்கு வரல. கல்லுக்குக் கிழக்க, ஒரு சாணும் நாலு விரலும் தள்ளி வட்டத்தைத் தொட்டுச்சு.

"பார்த்துக்கங்க. கல்லு கோணல்னு நான் சொன்னேன்ல"ன்னு சத்தம் போட்டேன். இன்னும் என்னென்னமோ பேசுனேன். அய்யா பேரைச் சொல்லி ஏசுனேன். சத்தியத்துலயே திருட்டான்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரரு கயித்துக்கும் கல்லுக்கும் நடுவுல குத்தவச்சு உக்காந்து பார்த்தாரு.

"செல்லத்தாயி, கல்லு மேக்க இருக்கு பாரு"ன்னாரு.

"ஆமா, அதுக்கென்ன?"

"தையில நிழல் எங்குட்டு இருந்து வரும்?"

மேக்க இருந்துதான் வரும். மேக்க இருந்து கிழக்க நகரும். மேக்க இருக்குற கல்லை நிழல் முதல்ல தொட்டுட்டு, அதுக்கப்புறந்தான் உச்சிக்கோட்டுக்கே போகும். அப்ப தை முழுக்க உச்சி ஆகுறதுக்கு முன்னாலயே முறை எனக்கு மாறியிருக்கு. குறைஞ்சது என் தண்ணி இல்ல, அவன் தண்ணி. மேக்க இருக்குற கல்லுல இருந்து தூணு வழியா நேரா இழுத்த கயிறு தெக்கப் பக்கம் கிழக்க ஒதுங்கிருச்சு, அதனாலதான் இங்க நிழல் பிந்தி வந்துச்சு. நாலு பேரைக் கூட்டி வச்சு, வட்டம் போட்டு, குச்சி அடிச்சு நான் நிரூபிச்சது இதைத்தான்.

திரும்பிப் பார்த்தா, அண்ணன் குச்சி அடிச்ச இடத்தைக் காலால தேச்சு அழிச்சுக்கிட்டு இருக்கான்.

"தெரிஞ்சேவா வச்ச?"ன்னு கேட்டேன்.

அவன் காலைப் பார்த்துக்கிட்டே பேசுனான். "ராப்பூரா ஊறுற தண்ணி, காலையில மாடு பூட்டுறவனுக்குத்தான போகுது. நேரத்தை மட்டும் பாதியாப் பிரிச்சா தண்ணி பாதியா வந்துருமா? சரிபாதின்னுல்ல அய்யா சொன்னாரு. ஒரு நாழிகை முந்தி நீ பூட்டுனா ஓரளவுக்குச் சரியா வரும்னு தோணுச்சு. தள்ளி வச்சேன்."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைய வேண்டியதுதானண்ணே?"

"சொன்னா நீ வாங்கிருவியா?" அப்படின்னான்.

வாங்கியிருக்க மாட்டேன். எனக்கு எவனும் பிச்சை போட வேண்டாம்னு அதுக்கும் ஒரு சத்தியம் கேட்டிருப்பேன். அந்த இடத்துலயே உக்காந்து அழுதேன். ரெண்டு மாசம் ஏசுன ஏச்சுக்கெல்லாம் சேத்து அழுதேன். மதினி வந்து என் தலையைப் பிடிச்சுத் தன் மடியில சாச்சுக்கிட்டா. "எனக்கே இப்பத்தான் தெரியும். இந்த மனுசன் என்கிட்டயும் வாயைத் தொறக்கல"ன்னு அவளும் மூக்கைச் சிந்துனா. பூசாரிக்கு என்ன செய்யிறதுன்னு தெரியாம கோயிலுக்குப் போயி விபூதி எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் பூசிவிட்டாரு.

அப்புறம் காரை போடுறதுல மறுபடி சண்டை. தெக்கப் பக்கமும் மேக்க தள்ளித்தான் போடணும்னு அண்ணன். இல்ல, குச்சி காட்டுன நேர்கோட்டுலதான் போடணும்னு நான். இந்தத் தடவை அவன்தான் பிடிச்ச பிடியில நின்னான். கடைசியில அவன் சொன்னபடியே, கல்லுல இருந்து தூணு வரைக்கும் ஒரு சாய்வு, தூணுல இருந்து தெக்க இன்னொரு சாய்வுன்னு வரி ஒடிஞ்சு போயிக் கெடந்துச்சு. பார்க்கிறவன்லாம் எந்தக் குருட்டுக் கொத்தன் போட்டதுன்னு கேட்டுட்டுப் போவான்.

மறுநாள் நிழல் காரையைத் தொட்டதும் மாட்டைப் பூட்டுனேன். ரெண்டு மாசம் கழிச்சு வாய்க்கால்ல தண்ணி வந்து மிளகாப் பாத்தியில பாயுறதைப் பார்க்கையில வயிறு நெறஞ்சிருச்சு. பாதிச் செடி பிழைச்சுக்கிச்சு. அது போதும்.

அன்னையில இருந்து சாயங்காலம் பொழுது அடைய ஒரு நாழிகை இருக்கையிலயே நான் மாட்டை அவுத்துருவேன். மிச்ச நேரம் ஊத்து ஊறிக்கிட்டுக் கெடக்கும், காலையில அண்ணன் கமலை பூட்டுறப்ப கிணத்துல தண்ணி கொஞ்சம் மேல நிக்கும். இந்த வருசம் ஊத்து நல்லா இருக்குன்னு அவன் எங்க வீட்டுக்காரருகிட்டப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா வாங்கிக்கிட மாட்டான்.